கேட்பதற்கும் ஒரு தர்மம் உண்டு

என் தமையனாரின் இரண்டாவது மகனுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் இரு சிறுநீரகங்களும் செயலற்றுப்போய், வாரத்தில் மூன்று நாட்கள் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய நிலை வந்தபோது, அவனுக்குத் துணையாகச் சில மாதங்கள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததுண்டு. காலையில் முதற்காரியமாக அவன் எடைபார்க்கும் கருவியின்மேல் ஏறி நிற்பான். சென்ற முறை வீடு திரும்பியபோது இருந்த எடைக்குமேல் எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனையும் வெளியேற வழியின்றிச் சரீரத்தில் தங்கிவிட்ட நீர் என்று கணக்கிட்டு, நான்கு மணி நேரத்தில் இயந்திரம் அதை இழுத்துவிடும். இடது முன்கையில் தமனியையும் சிரையையும் ஒன்றாக இணைத்திருந்த இடத்தில் விரலை வைத்தால், தோலுக்கடியில் ஒரு வண்டு ஓயாமல் ரீங்காரம் செய்வதுபோல அதிரும்; அந்த அதிர்வு நின்றுவிட்டால் ஊசி ஏற்ற வேறிடம் தேட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாதலால், நள்ளிரவில் விழிப்பு வரும்போதெல்லாம் வலக்கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவன் மறுபடி கண்ணயர்வான். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காய்கறிகளைக்கூட வேகவைத்த நீரை வடித்துக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். சித்திரை மாதத்து வெயிலில், நாள் முழுவதற்கும் அளந்து வைத்த அரை லிட்டர்த் தண்ணீரை அவன் மிடறு மிடறாகக் கணக்குப் பார்த்துக் குடித்ததைக் கண்ட எனக்கு, தாகம் என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்வதே உத்தமம் என்று வைத்தியர் சொன்னார். இறந்தவர்களிடமிருந்து பெறும் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பலர் என்றும், உயிரோடிருப்பவர் ஒருவர் கொடுத்தால் நாள் குறித்துக்கொண்டு, உடல்நிலையைச் சீர்படுத்திக்கொண்டு, நிதானமாகச் செய்யலாம் என்றும், அப்படிப் பெற்ற சிறுநீரகம் பொதுவாக அதிக காலம் உழைக்கும் என்றும் அவர் விளக்கினார். "வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்று முடித்தார். எளிய வார்த்தைதான். ஆனால் அந்த வீட்டில் என்ன பேசினோம், எப்படிப் பேசினோம் என்பதை இன்று நினைத்துப் பார்க்கையில் மனம் கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடத்தில் உட்கார்ந்தோம். தமையனார், அவருடைய மூத்த மகன், கடைசி மகன், மருமகப்பிள்ளை, நான். செலவைப் பற்றிப் பேசினோம். எந்த ஊர் ஆஸ்பத்திரி நல்லது என்று பேசினோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று பேசினோம். மூத்தவனுக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று ஒருவர் நினைவூட்டினார். இளையவன் இப்போதுதான் கடன் வாங்கிக் கடை வைத்திருக்கிறான் என்று இன்னொருவர் சொன்னார். தமையனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. இரண்டு மணி நேரம் இவ்வாறு பேசிய நாங்கள், யார் கொடுப்பது என்ற கேள்வியை மட்டும் ஒருவர்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. நோயாளியின் மனைவி சமையற்கட்டு வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஒருமுறை வந்து காபி டம்ளர்களை எடுத்துப்போனாள். மறுநாள் காலையில், அவளே கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள் என்று செய்தி வந்தது. எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அவளுடைய குணத்தைப் புகழ்ந்தோம்.

சிகிச்சை நல்லபடியாக நடந்தேறி, இன்று இருவரும் சுகமாகவே இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள், அவள் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தபோது, "நீயாகத்தானே அம்மா அன்றைக்குச் சொன்னாய்?" என்று கேட்டேன். அவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: "யாரும் என்கிட்டக் கேக்கலை, சின்ன மாமா. ஆனா எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அதன்பின் மூத்தவனையும் ஒரு முறை தனியே கண்டு பேசினேன். அவன் சொன்னது அதைக் காட்டிலும் என்னை உலுக்கிற்று. "யாராச்சும் வாயைத் திறந்து கேட்டிருந்தா நான் கொடுத்திருப்பேன், சித்தப்பா. பொண்ணுங்க கல்யாணம்னு நீங்களே சொல்லி முடிச்சிட்டீங்க."

கொடுப்பதன் மேன்மையைப் பற்றி நம் முன்னோர் சொல்லாதது ஒன்றுமில்லை. சிபிச் சக்கரவர்த்தியின் தராசும் குமணனின் வாளும் குழந்தைப் பிராயத்திலேயே நம் காதில் விழுந்தவை. ஆனால் ஒருவரிடம் அவருடைய சரீரத்தின் ஓர் அங்கத்தைக் கேட்பது எப்படி, யார் கேட்பது, எந்த இடத்தில் கேட்பது, கேட்கப்பட்டவர் மனம் நோகாமலும் மானம் கெடாமலும் மறுத்துப்போக எந்த வழியைத் திறந்து வைப்பது என்பதைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்டால் மறுக்கலாம். கேளாமலே எல்லாக் கண்களும் தன்மேல் வந்து தங்கும்போது மறுப்பதற்கு எந்தச் சொல்லுக்கு மறுமொழி சொல்வது? கேளாதிருத்தல் மென்மை என்றும் நாகரிகம் என்றும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் அது இரண்டு பேருக்கு அநீதியாக முடிந்தது: ஒருத்திக்கு மறுக்கும் உரிமை போயிற்று, ஒருவனுக்குக் கொடுக்கும் உரிமை போயிற்று.

மருத்துவ உலகில் இந்தச் சிகிச்சை முதன்முதலாக வெற்றிபெற்ற வரலாற்றிலேயே இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவர், ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞரின் ஒரு சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரரான ரிச்சர்டுக்குப் பொருத்தினார். அவர்கள் ஒரே கருவில் உதித்த இரட்டையர்தாமா என்பதை நிச்சயித்துக்கொள்ளக் கைரேகையைக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நோயற்ற ஒரு மனிதனை, அவனுக்கு யாதொரு நன்மையும் இல்லாத சிகிச்சைக்காகக் கத்தியால் கீறலாமா என்ற சஞ்சலம் வைத்தியர்களுக்கே இருந்தது. அறுவைக்கு முந்திய இரவில், சாவின் விளிம்பில் படுத்திருந்த ரிச்சர்டு தம் சகோதரருக்கு ஒரு சீட்டெழுதி அனுப்பினார்: இங்கிருந்து புறப்பட்டு வீட்டுக்குப் போய்விடு என்பது அதன் சாரம். நான் வந்துவிட்டேன், இருக்கத்தான் போகிறேன் என்று ரொனால்ட் பதில் அனுப்பினார். ரிச்சர்டு அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்து, தமக்குப் பணிவிடை செய்த தாதியையே மணந்து, குழந்தைகளும் பெற்றார்; கணித ஆசிரியராகப் பணிபுரிந்த ரொனால்டோ ஒற்றைச் சிறுநீரகத்துடன் ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து 2010-இல்தான் காலமானார். மரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றுள் எல்லாம் என் மனத்தில் நின்றது அந்தச் சீட்டுத்தான். பெறப்போகிறவன் தன் வாயாலேயே, நீ கொடுக்காவிட்டாலும் நீ என் உடன்பிறந்தவன்தான் என்று சொல்லிவிட்டான். அதற்குப் பின் கொடுத்தானே, அதுதான் தானம்.

நமக்கு இது புதிய செய்தியன்று. காளத்தி மலையில் ஒரு கண்ணை அகழ்ந்து அப்பிய வேடர், மற்றக் கண்ணிலும் அம்பை ஊன்றியபோது, அந்தக் கையைப் பற்றி நிறுத்தியவர் யார்? கண்ணில் குருதி வழிய நின்றவரே, பெற்றுக்கொள்ள வேண்டியவரே, தடுத்தார். கண்ணப்பரின் அன்பை ஆயிரமாண்டுகளாகப் பாராட்டி வருகிற நாம், தடுத்த அந்தக் கையை ஏனோ மறந்துவிட்டோம். என் தமையனார் மகன் தன் மனைவியிடம் அப்படியொரு சொல்லைச் சொல்லவில்லை. அவன் கெட்டவனல்லன், அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அருகிலேயே இருந்த நானும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் நாளிதழில் எழுத அவசியமிராது. தேசிய உறுப்பு மாற்று நிறுவனத்தின் கணக்குப்படி, 1995 முதல் 2021 வரை இந்தியாவில் மாற்று உறுப்புப் பெற்ற 36,640 பேரில் 29,695 பேர் ஆண்கள். பெண்கள் 6,945 பேர். உயிரோடிருந்து கொடுத்தவர்களைப் பார்த்தாலோ பெண்களே மிகுதி. இதற்கு மருத்துவ ரீதியாக ஒரு காரணமும் சிறு அளவில் உண்டென்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்: பிள்ளை பெற்ற பெண்ணின் இரத்தத்தில், கருவின் வழியே கணவனின் திசுக்களுக்கு எதிரான பொருள்கள் உண்டாகியிருக்கக் கூடுமாதலால், மனைவி கணவனுக்குக் கொடுப்பதைவிடக் கணவன் மனைவிக்குக் கொடுப்பது சில வேளைகளில் கடினமாகிறது. ஆனால் தந்தை மகளுக்கும், அண்ணன் தங்கைக்கும், தம்பி தமக்கைக்கும் கொடுப்பதற்கு இப்படிப்பட்ட தடை எதுவுமில்லையே? அங்கும் ஏன் தாயே முந்துகிறாள்? சம்பாதிக்கிறவனின் உடம்பு குடும்பத்தின் சொத்து, சமைக்கிறவளின் உடம்பு குடும்பத்தின் சேமிப்பு என்று ஒரு கணக்கு நம்முடைய வீடுகளில் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1994-இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தாய், தந்தை, மக்கள், உடன்பிறந்தார், கணவன் மனைவி ஆகியோரை நெருங்கிய உறவினராக வகுத்தது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் பாட்டன் பாட்டியரையும் பேரன் பேத்தியரையும் அதில் சேர்த்தது. இவர்களல்லாத வேறொருவர் அன்பினால் கொடுக்க விரும்பினால், அங்கீகாரக் குழுவின்முன் வந்து அந்த அன்பின் உண்மையை நிலைநாட்ட வேண்டும். 2014-இல் வந்த விதிகளில் ஒரு வாசகம் உண்டு: கொடுப்பவர் பெண்ணாயின் கூடுதலான எச்சரிக்கை வேண்டும் என்றும், அவருடைய சம்மதம் சுயேச்சையானதுதானா என்பதைப் பெறுபவரல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. மிகவும் விவேகமான விதி. ஆயினும் கல்யாணப் போட்டோக்களையும் ரேஷன் கார்டையும் ஒரு கோப்பில் கட்டிக்கொண்டு, கணவனும் மாமனாரும் வெளித் தாழ்வாரத்தில் காத்திருக்க, மேஜைக்கு எதிரே உட்காரும் ஒரு பெண், "மனமாரத்தான் கொடுக்கிறேன்" என்று சொல்வதை எழுதிக்கொள்வது சுலபம். அந்தப் பதில் எந்த ஞாயிற்றுக்கிழமைக் கூடத்தில் தயாரானது என்பதை எந்தக் குழு கண்டுபிடிக்கும்? அந்த வேலை வீட்டார் செய்ய வேண்டியது.

வீட்டில் கேட்கத் தெரியாதவர்கள் வெளியே விலைக்குத் தேடிப்போன கதையையும் நம் மாநிலம் நன்றாக அறியும். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் கிட்னிவாக்கம் என்ற பெயர் வந்ததை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் கண்டு விசாரித்து மறு ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றார்கள் என்றும், ஆண்டுகள் சென்ற பின்னும் நான்கில் மூன்று பங்கினருக்கு அந்தக் கடன் தீரவில்லை என்றும், குடும்ப வருமானம் முன்னிலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று என்றும் கண்டது. விற்றவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள். சட்டம் வந்து முப்பதாண்டுகள் கழிந்த பின், 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்துப் பிடித்தார்கள் என்ற புகார் எழுந்து அரசு விசாரணை நடத்த நேர்ந்தது. விலைக்கு வாங்கியவரின் உறவினர்களில் எத்தனை பேர் இரத்தப் பரிசோதனையாவது செய்துகொண்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

கேட்பதற்கு முன்னால், கேட்பது இன்னதென்று கேட்கிறவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கொடுப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நம்பமாட்டேன். ஆபத்து மிகச் சிறியது, ஆனால் சூனியமன்று. 2010-இல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கொன்றின்படி, கொடுப்பதற்கான அறுவையை ஒட்டி உயிரிழந்தோர் பதினாயிரத்தில் மூவர். எஞ்சியிருக்கும் சிறுநீரகம் தானே சற்றுப் பருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய எழுபது விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. வாழ்நாளில் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம், அதே அளவு ஆரோக்கியமுள்ள, ஆனால் கொடுக்காத ஒருவருக்கு உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல். இனிமேல் பிள்ளை பெறவிருக்கும் இளம்பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கலாகாது. துளைவழி அறுவை வந்துவிட்டபடியால் சில நாட்களிலேயே வீடு திரும்பலாம். சில வாரங்கள் பளுவான குடத்தைத் தூக்காமலிருந்தால் போதும். ஆனால் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் இவற்றை ஆயுள்பரியந்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தமையனார் மகன் வீட்டு அலமாரியில் அவனுடைய மருத்துவக் கோப்பு ஒரு பஞ்சாங்கக் கட்டைவிடத் தடிமனாக இருக்கிறது. மருந்து வேளைகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மாதம் தவறாமல் பரிசோதனை. அவளுடைய கோப்பைக் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து, ஆஸ்பத்திரியில் விடைகொடுத்து அனுப்பியபோது கொடுத்த ஒரே தாளை எடுத்துக் காட்டினாள். கடைசியாக எப்போது பரிசோதித்தாய் என்றதற்கு, மூன்று வருஷமிருக்கும் என்றாள். மறுநாளே அழைத்துப்போனோம், எல்லாம் சரியாகவே இருந்தது. இருந்தாலும் அந்த ஒற்றைத் தாள் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஆகவே, இந்த நிலை வந்துள்ள குடும்பங்களுக்கு, அனுபவப்பட்டவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நோயாளி தானே கேட்க வேண்டாம். அவன் முகத்துக்கெதிரே மறுப்பது மனிதர்களால் ஆகாத காரியம். மாமனாரோ மாமியாரோ கேட்க வேண்டாம். எல்லாரிடமும் மதிப்புள்ள, ஆனால் எவர்மேலும் அதிகாரமில்லாத ஒருவர், கூடத்திலல்ல, தனித்தனியே, பதினெட்டு நிறைந்த ஆரோக்கியமான ஒவ்வோர் உறவினரிடமும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்க வேண்டும். கேட்கும்போதே, முடியாது என்று சொன்னால் அந்தச் சொல் என்னோடு நிற்கும் என்று வாக்களிக்க வேண்டும். விருப்பமில்லாதவர் வைத்தியரிடம் தனியே சொன்னால், காரணத்தை வெளியிடாமல், இவர் கொடுக்கத் தகுந்தவரல்லர் என்று மட்டும் குடும்பத்துக்குத் தெரிவிப்பது நல்ல மருத்துவர்களிடையே உள்ள வழக்கம். பரிசோதனையின் ஒவ்வொரு படியிலும், மயக்க மருந்து கொடுக்கும் அந்தக் காலை நேரத்திலுங்கூட, மனம் மாற உரிமையுண்டு என்பதைக் கொடுப்பவருக்கு ஒருமுறையல்ல, பலமுறை சொல்ல வேண்டும்.

இரத்தப் பிரிவு பொருந்தவில்லை என்பதனால் கதை முடிந்துவிட்டதாகவும் கலங்க வேண்டாம். ஏ பிரிவுக் கணவனுக்கு பி பிரிவு மனைவியும், வேறொரு வீட்டில் பி பிரிவுக் கணவனுக்கு ஏ பிரிவு மனைவியும் இருந்தால், இவள் அவனுக்கும் அவள் இவனுக்குமாகக் கொடுத்துக்கொள்வதை 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. இப்படிப்பட்ட இணைகளைச் சந்திக்க வைப்பதற்கு எல்லா ஆஸ்பத்திரிகளையும் தழுவிய ஒரே பொதுப் பதிவேடு உயிர்ப்போடு இயங்க வேண்டும். அதை அரசு தீவிரமாக எடுத்துச் செய்ய வேண்டும். 2008 முதல் இறந்தோர் உறுப்புக் கொடையில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. கொடுத்துச் சென்றவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையுடன் நடத்துவதென்று 2023-இல் அறிவித்த மாநிலம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதிக்கும் ஒவ்வொரு முறையும், எங்கோ இரண்டு வீடுகளில், சமையற்கட்டு வாசலில் நிற்கும் இரண்டு பெண்கள்மேல் விழவிருந்த பார்வை விலகுகிறது.

கடைசியாக, இதைப் படிக்கும் ஆண்மக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ மகளுக்கோ கிரியேட்டினின் ஏறிவிட்டது என்ற செய்தி வந்தால், வீட்டார் கூடிப் பேசும் நாள்வரை காத்திராதீர்கள். மறுநாள் காலையிலேயே உங்கள் இரத்தப் பிரிவையும் சர்க்கரையையும் பரிசோதித்து, அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் கேட்கும் முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்.